நாற்காலிகள் பக்கமாகப் போ

1

கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுக ஊரை விட்டுக் கிளம்பி நாலு மைல் நடந்திருப்பேன். தோளில் தகரப் பெட்டி, கையில் ஒரு துணி மூட்டை. மூட்டையில் பணியாரம் இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் நார்க்கற்றாழை, கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை பிசகாமல் நின்றது. நம் பக்கம் கற்றாழையை வேலியில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அதையே பயிராக வைத்து, அதைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு நான் போகவில்லை. சலீமுக்கு வேண்டியவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று சந்தேகம். அதனால் நடந்தேன். முஹேசா என்ற சிறிய ஊர் அடுத்து வரும், அதுவரை ஏதாவது லாரி ஏற்றிக்கொள்ளும் என்று கணக்கு.

ஒரு மாமரத்தடியில் பெட்டியை இறக்கி, மூட்டையை அவிழ்த்து, ஒரு பணியாரத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இரண்டு வருஷம் ஜுஹுரா அம்மா கையால் சுட்ட பணியாரத்தைத் தின்றவன் நான். அன்றைக்கு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

ஜுஹுரா அம்மா நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. புருஷன் படகுத் தச்சன், செத்துப்போய்விட்டான். அரிசி மாவில் குழிப்பணியாரம் சுட்டு விற்பாள். நம் ஊர்ப் பணியாரத்துக்கும் அதற்கும் ஏலக்காய் அளவில்தான் வித்தியாசம். மூன்று அறை வீட்டில் ஒன்றை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். சலீம் அவள் புருஷனின் அண்ணன், துறைமுகத்தில் எழுத்தர். வீடு எங்கள் அப்பன் வாங்கியது, தம்பி போனதும் எனக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு தெருப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. சலீம் கையில் இருந்த பெரிய ஆயுதம் நான்தான். ‘விதவை, அந்நிய ஆம்பிளையை வீட்டில் வைத்திருக்கிறாள்.’ வெள்ளிக்கிழமை அந்த வாசலில் என் செருப்பு கிடந்தால் அவள் வீடு போய்விடும்.

அதனால் புதன்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன். அவளுக்காகத்தான் நடந்தேன். ஆனால் அவள் என்னை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொண்டாள் என்ற சந்தேகமும் அந்த நாலு மைலும் கூடவே வந்தது.

2

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்பதாவதில் நின்றேன். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் ஃபியூஸ் கேரியருக்குப் பிசிறு தட்டும் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கட்டையின் விளிம்பை ஈரத் துணியால் வழித்துவிட வேண்டும். வாயில் எந்நேரமும் களிமண் ருசி. ஒரு நாள் பம்பாயிலிருந்து ஏஜெண்ட் ஒருவன் வந்து, பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு ஆப்பிரிக்காவில் வேலை என்றான். எந்த ஆப்பிரிக்கா என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

முதலில் போய் இறங்கியது நைஜீரியாவில் கானோ என்ற ஊர். தட்டு செய்யும் தொழிற்சாலை. அங்கே பேசுவது ஹௌசா. முதல் வாரமே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, என் தவறு எதுவும் இல்லாமலே.

தொழிற்சாலை எதிரில் சானி என்று ஒரு தையல்காரன். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். தையல் மிஷினைச் சுற்றி இந்திப் பட நடிகைகளின் படம் ஒட்டியிருப்பான். கானோவில் இந்திப் படம் என்றால் உயிர். தியேட்டரில் வருஷக்கணக்காக ஓடிய பழைய படம் திரும்ப வந்தாலும் கூட்டம். எனக்கு அதில் அதிசயம் இல்லை. அந்தப் படங்களில் அப்பா சொல்லும் இடத்தில்தான் கல்யாணம். காதலித்தவள் பெரியவர்கள் எதிரில் தலை நிமிர மாட்டாள். மானம் போனால் வீடே போகும். கானோக்காரர்கள் அதைப் பார்த்து, இது எங்கள் வீட்டுக் கதை என்றார்கள். விருத்தாசலத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், பாஷை புரிந்திருந்தால்.

சானி ஒரு நாடகக் குழுவில் இருந்தான். வாடகை வீடியோ கேமராவில் சொந்தமாக ஹௌசாப் படம் எடுத்து, கேசட் போட்டுச் சந்தையில் விற்க அந்தக் குழு அப்போதுதான் துணிந்திருந்தது. என்னைக் கண்டதும் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு இந்திப் பாட்டைப் போட்டுக் காட்டி, அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்.

“இதுல அவ என்ன சொல்றா? அர்த்தம் சொல்லு, நாங்க ஹௌசாவுல கட்டிக்கறோம்.”

“எனக்கு இந்தி தெரியாது.”

“நீ இந்தியன்தானே?”

“ஆமாம்.”

“இந்தியனுக்கு இந்தி தெரியாதா?” அவன் முகம் மாறிவிட்டது. “உன் பாஸ்போர்ட்டைக் காட்டு பார்க்கலாம்.”

பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருந்தது. அதைச் சொன்னதும் சந்தேகம் இன்னும் முற்றியது. கடைசியில் சானியே எனக்கு அந்தப் பாட்டின் அர்த்தத்தைச் சொன்னான். படம் பார்த்தே பாதி இந்தி கற்றிருந்தான், என்னைக் கேட்டது சரிபார்க்கத்தானாம். “உன் நாட்டுப் பாட்டு, ஞாபகம் வெச்சுக்க” என்று தோளில் தட்டினான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் எடுத்த படத்திலும் சந்தேகம்தான் பாதி வேலை. கதாநாயகியாக நடித்த பெண்ணின் அம்மா, படம் எடுக்கும் இடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, கேமராக்காரன் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆணும் பெண்ணும் ஒரு மரத்தைச் சுற்றிப் பாடலாமா என்று மௌல்விகள் கேட்டார்கள். சானி புத்திசாலி. ஆணையும் பெண்ணையும் பத்தடி தள்ளி நிற்க வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாட வைத்தான். அதற்கும் கேள்வி வந்தது: முகம் பார்க்காமல் பாடுகிறார்களே, மனசில் என்ன வைத்திருக்கிறார்கள்?

கானோவில் பாட்டுக்கு மரியாதை உண்டு. ரேடியோவில் புத்திமதி சொல்வதைக்கூடப் பாட்டாகச் சொல்வார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பிள்ளைக்கு ஊசி போடு என்று எதுகை வைத்து. இன்னொரு வகைப் பாட்டுக்காரன் உண்டு, மத்தளத்தோடு வாசலில் வந்து நின்று நம் பரம்பரையைப் புகழ்பவன். ஒரு நாள் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். என் தாத்தா சிங்கம், நூறு குதிரை கட்டி ஆண்டவர் என்று பாடினான். என் தாத்தா திட்டக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வண்டி ஓட்டியவர். ஒரு நோட்டைக் கொடுத்தேன், போய்விட்டான். பாட்டுக்காரனுக்குப் பணம் கொடுப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்பில்தான் பின்னால் மாட்டினேன்.

தட்டுத் தொழிற்சாலை மூடிப்போனது. முதலாளியின் பங்காளி ஒருவருக்கு டாங்காவில் ஓட்டுச் சூளை இருந்தது. என்னைக் கேட்காமலே அங்கே அனுப்பினார்கள். பாஸ்போர்ட் ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்குப் போனது.

3

நம் பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆட்டம் மனசுக்குப் பிடித்துவிட்டால் யாராவது எழுந்து போய் இரண்டு ரூபாய் கொடுப்பார். கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று கத்துவான். என் அப்பா ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கூத்தில் அப்படிக் கொடுத்துவிட்டு, தன் பேரைச் சரியாகச் சொன்னானா என்று விடியும்வரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். எதற்காகக் கொடுத்தார், யாரைப் பார்த்துக் கொடுத்தார் என்று எவரும் கேட்டதில்லை.

டாங்காவில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. மாலை நேரம், வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலை அடைத்துத் துணிப் பந்தல். பெண்கள் பாயில், முக்கியஸ்தர்கள் ஓரமாக நாற்காலியில், என்னைப் போன்றவர்கள் சுவரோரம். வயலின், மத்தளம், ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டுக் குழு. பாட்டுக்காரி பருமனான பெண், மைக்கைக் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். சுவாஹிலிப் பாட்டு. சந்தை சுவாஹிலி எனக்கு வரும். பாட்டில் வருவது அரைகுறையாகத்தான் புரியும்.

ஜுஹுரா அம்மா பாயின் ஓரத்தில், எனக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டின் நடுவே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, மெல்ல ஆடிக்கொண்டு போய்ப் பாட்டுக்காரியிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் குலவை. எனக்குக் கூத்து ஞாபகம் வந்தது.

ஜுஹுரா அம்மா திரும்பி என் சட்டை நுனியை இழுத்தாள். கையில் மடித்த நோட்டு.

“எனக்கு முட்டி வலி. பாட்டு நல்லா இருக்குது, நீ போய்க் குடுத்துட்டு வா.”

வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மறுபடி இழுத்தாள்.

“இரு. நான் தட்டினதும் போ.”

நின்றேன். பாட்டுக்காரி அடுத்த அடிக்குப் போனாள். ஜுஹுரா அம்மா என் காலில் தட்டினாள்.

“பாயை மிதிக்காத. நாற்காலிகள் பக்கமாகப் போ. நோட்டைத் தூக்கிப் பிடிச்சுக்க, கூட்டத்துல விழுந்துடும்.”

மரியாதை சொல்லித் தருகிறாள் என்றுதான் எண்ணினேன். நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாற்காலி வரிசை முன்னால் நடந்தேன். சிரித்த முகமாகத்தான் நடந்தேன். மூன்றாவது நாற்காலியில் சலீம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து, தெரிந்த மனுஷன் என்பதால், தலையையும் ஆட்டி வைத்தேன்.

பந்தல் கிழிந்துவிடும் போலக் குலவை எழுந்தது. நானூறு கண் என் மேல். பாட்டுக்காரி அதே அடியைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை பாடினாள். இத்தனை சந்தோஷமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

4

என் கூட ஓட்டுச் சூளையில் வேலை செய்த இன்னொரு தமிழன் கலியமூர்த்தி, பெண்ணாடத்துக்காரன். எனக்கு முன்னால் வந்து ஏழு வருஷம் ஆனவன், அந்த ஊர்ப் பெண்ணையே கட்டியிருந்தான். கல்யாணப் பந்தலிலிருந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

“யோவ், நீ என்னா பண்ணிட்டு வந்து நிக்கிற, தெரியுதா?”

“பாட்டு நல்லா இருந்துச்சி, குடுத்தேன்.”

“நல்லா இருந்துச்சாம்! கூத்துன்னு நெனச்சிகினியா? இங்க துட்டு பாட்டுக்காரிக்கு இல்லய்யா. ஒரு வரி வரும்போது எந்திரிச்சிப் போனா, அந்த வரி இன்னாருக்குன்னு அர்த்தம். யார வெய்யணுமோ அவன் மூஞ்சிக்கு நேரா நோட்ட ஆட்டிகினு போவாங்க. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். ஊரே புரிஞ்சிக்கும்.”

“நான் யாரையும் வெய்யலயே.”

“சலீமு மூஞ்சில நோட்டத் தேய்க்காதது ஒண்ணுதான் கொற. தலைய வேற ஆட்டின!”

அந்த அடியை அவன் தமிழில் சொன்னான். ‘அடுப்பை மூட்டியவள் ஒருத்தி, புகையில் கண் சிவந்தவளும் அவளே, சட்டி கொதித்து இறங்கியதும் சுற்றத்தான் வந்தான், சட்டியே என்னுடையது என்றான்.’

“அந்தம்மாதான் குடுத்தனுப்பிச்சி” என்றேன். தட்டினதும் போ என்று சொன்னதையும், நாற்காலிகள் பக்கமாகப் போகச் சொன்னதையும் சொன்னேன்.

கலியமூர்த்தி நின்றுவிட்டான். பிறகு சிரித்தான். “அட, பலே கையி! மூத்தார எதுத்து ஒரு பொம்பள நேரா நின்னு பேச முடியுமா? நம்மூர்ல முடியுமா? அதுவே எந்திரிச்சிப் போயிருந்தா வூட்ட விட்டுத் தொரத்தியிருப்பாங்க. நீ போனா, பாவம் இந்தியன், ஒண்ணும் தெரியாத மடையன்னு சொல்லிக்கலாம்.”

“அப்ப தெரிஞ்சேதான் அனுப்பிச்சின்றியா?”

“நான் சொல்லலப்பா. எனக்கு அந்தத் தெருவுல நடக்க வேண்டியிருக்குது.”

மறுநாள் திங்கட்கிழமை சலீம் ஓட்டுச் சூளைக்கே வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஈர ஓடுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

“என் குடும்ப விஷயத்தை உனக்கு யார் சொல்லிக் குடுத்தது? அவதானே?”

எனக்கு இரண்டு வழி இருந்தது. அவள் கொடுத்தனுப்பினாள் என்றால், வெள்ளிக்கிழமை அவள் தொலைந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால், அப்போதும் அவள்தான் அனுப்பினாள் என்று ஆகும்.

“யாரும் சொல்லலை. நானேதான் குடுத்தேன்.”

“நீயே. ஏன்?”

“நீங்க அந்த வீட்டை எடுத்துக்கறது எனக்குப் பிடிக்கலை.”

இது பெரிய மனசு ஒன்றும் இல்லை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. சலீம் என்னை மேலும் கீழும் பார்த்தான். “உன் பர்மிட் எந்த மாசம் முடிஞ்சுதுன்னு குடியேற்ற ஆபீசுக்கு எழுதறேன்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியிலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனான்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷமாக, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், வரவில்லை, வரவில்லை என்று சொன்ன பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து ஒரு நிமிஷத்தில் எடுத்து மேஜையில் வைத்தார். தன் வளாகத்துக்குள் ஆபீசர்கள் நுழைவதை அவர் விரும்பவில்லையாம். தூசி தட்டிக்கூடக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை காலை பெட்டியைத் தூக்கியபோது ஜுஹுரா அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“நாற்காலிகள் பக்கமா ஏன் போகச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பாயில பொம்பளைங்க உட்கார்ந்திருந்தாங்களே” என்றாள், குழியில் மாவை ஊற்றிக்கொண்டே.

“தட்டினதும் போன்னு சொன்னீங்க.”

“அந்த இடத்துலதான் ராகம் நல்லா இருந்தது.”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. பணியாரத்தை, எண்ணெய் வடிந்த பிறகு, ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

5

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இப்போதும் இந்த நாட்டில்தான் இருக்கிறேன், முஹேசாவில். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, செல்வி என்று ஒரு மகள். இரண்டாம் வகுப்பு. பர்மிட் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ‘தொழில்’ என்ற கட்டத்தில் நான் எழுதுவதை எழுத்தர் அடித்துவிட்டு ‘மெக்கானிக்’ என்று எழுதுகிறார். நான் எழுதியது அவர் பட்டியலில் இல்லையாம். அடுத்த தடவை மெக்கானிக் சான்றிதழ் எங்கே என்று இன்னொரு எழுத்தர் கேட்கிறார்.

செல்விக்குத் தமிழ் கொஞ்சம்தான். சுவாஹிலியில் அம்மாவுக்கு மாமா என்று பெயர். விருத்தாசலத்திலிருந்து என் மச்சான் ‘மாமா எழுதுவது’ என்று ஆரம்பித்த கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினால், “இந்த அம்மாவுக்கு எதுக்கு மீசை?” என்று போட்டோவைப் பார்த்துக் கேட்கிறாள். திருத்திச் சொன்னால் நான் ஏமாற்றுகிறேன் என்று நினைக்கிறாள். சந்தேகம் மட்டும் அப்படியே என்னிடமிருந்து வந்திருக்கிறது.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாட்டு. எனக்குப் பிடித்த ராகம். பழைய பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“யாருக்குப்பா?”

“பாட்டுக்காரிக்கு.”

“அது தெரியும். யாரைப் பாத்து?”

“யாரையும் இல்ல. பாட்டுக்கு.”

அப்படி ஒன்று உண்டா என்பது போலப் பார்த்தாள். நோட்டை வாங்கி என் பைக்குள்ளேயே வைத்து, பொத்தானையும் போட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் இதை எழுதி ஊருக்கு அனுப்பலாம் என்று தோன்றியது.

ஜுஹுரா அம்மாவின் வீடு அவளிடமே இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை பெரியவர்கள் உட்கார்ந்தார்களாம். வாடகைக்காரன் எங்கே என்று கேட்டபோது ஆள் இல்லை, செருப்பு இல்லை. அதற்குள் அந்தச் ‘சட்டி’ வரியைத் தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்கூட முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சலீம் எழுந்து, தனக்கு வீடு வேண்டியதில்லை, குடும்ப மானம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டான். கலியமூர்த்தி சொல்லி இதெல்லாம் தெரிந்தது. ஈத் வந்தால் அவளிடமிருந்து யார் மூலமாவது பணியாரம் வரும். இப்போது முகர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் தெரிந்தேதான் அனுப்பினாளா என்ற கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

6

அந்தப் புதன்கிழமை கடைசியில் லாரி ஏதும் நிற்கவில்லை. நடந்தும், ஒரு டிராக்டரின் பின்னால் தொற்றியும், பொழுது சாயும் நேரத்துக்கு முஹேசா வந்து சேர்ந்தேன். சந்தைத் திண்டில் படுத்தேன். பெட்டியைத் தலைக்கு வைத்து, பாஸ்போர்ட்டை வயிற்றில் கட்டிக்கொண்டேன்.

காலையில் சந்தை கூடியது. ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெஞ்சுகள், ஒரு டிவி, ஒரு வீடியோ பெட்டி. வெளியே கரிக்கட்டியால் ‘இந்தியப் படம்’ என்று எழுதியிருந்தது. சொந்தக்காரர் எட்வர்ட் என்பவர், ஜெனரேட்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கயிறு இழுக்க நான் கை கொடுத்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“இந்தியனா?”

“ஆமாம்.”

“எங்கிட்ட படம் இருக்குது. சந்தைக்கு வர்றவங்களுக்கு இந்தி தெரியாது. பக்கத்துல நின்னு மைக்குல, சுவாஹிலியில கதை சொல்ல ஆள் வேணும். உனக்கு இந்தி தெரியும்தானே?”

கானோவில் உண்மையைச் சொல்லி நான் கண்டது ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியாதவன் என்று நம்பியதால்தான் ஜுஹுரா அம்மா என் கையில் நோட்டைக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்தவன் என்று இந்த மனுஷன் நம்பினால் மைக்கைக் கொடுப்பார்.

“நல்லா தெரியும்” என்றேன்.

பத்து மணிக்குப் படம் போட்டார்கள். கொட்டகை நிறைந்து, வாசலிலும் நின்றார்கள். திரையில் வெள்ளைப் புடவை கட்டிய பெண் ஒருத்தி அழுதாள். மீசைக்காரன் ஒருவன் வந்து கையை நீட்டிக் கத்தினான். என்ன சொல்கிறான் என்று எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன்.

“இவன் செத்தவனோட அண்ணன்” என்றேன். “வீடு என்னோடதுங்கறான்.”

பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது. எனக்குத் தைரியம் வந்தது. அந்தப் பெண் பணியாரம் சுட்டு விற்பதையும், புகையில் கண் சிவந்ததையும், சட்டி இறங்கியதும் சுற்றத்தான் வந்ததையும் சொன்னேன். திரையில் அவர்கள் வேறு ஏதோ பங்களாவில் நின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நடு வழியாக வந்தால் நாலே எட்டு. அவள் அப்படி வரவில்லை. சுவர் ஓரமாக, ஆண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் முன்னால், நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மெல்ல, ரொம்ப மெல்ல நடந்து வந்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

அந்தப் பெஞ்சில் எவன் இருந்தான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே சட்டி வரியை இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.